முதல் கல்லைக் கால்வாய்க்கு வையுங்கள்: குன்னூர் மலைச்சரிவில் கட்டவிருக்கும் நம் குருசேகரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழுவின் செயலர், பொருளர், உறுப்பினர்கள் அனைவருக்கும், கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம்.

சென்ற பொதுக்குழுவில் காட்டிய வரைபடத்தைப் பார்த்தபின் இந்த மடலை எழுதுகிறோம். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவை ஆறு மீட்டர் உயரத்துக்கு, முப்பது மீட்டர் நீளத்துக்கு வெட்ட வேண்டும். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே 24-க்கு 12 மீட்டரில் மண்டபம், பக்கத்தில் விருந்தினர் அறைகள். நம் பிள்ளைகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயமானது. கட்டட நிதிக்கு நாங்களும் காணிக்கை எழுதியிருக்கிறோம். நாங்கள் இதே மலையில் கொத்து வேலை, கம்பி வேலை, தச்சு வேலை, குழாய் வேலை, வரைபட வேலை செய்து பிழைக்கிறவர்கள். அந்த அறிவைச் சபைக்குத் தர வேண்டிய நேரம் அடிக்கல் நாட்டுவதற்கு முன்புதான். பின்பு சொன்னால் பயனில்லை.

எங்கள் வேண்டுகோள் இது: சரிவை வெட்டாதீர்கள். பணத்தை முதலில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் செலவிடுங்கள். கட்டடத்தை, பழைய கொட்டகை இருக்கும் சமதளத்திலேயே, தரைத்தளமாக, சிறிதாகக் கட்டுங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறோம்.

குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் நம் காலடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கரும்பாறை காலங்காலமாக மழையில் ஊறி மக்கியதால் உண்டான மண். சில இடங்களில் பத்து மீட்டர் தோண்டினாலும் பாறை தட்டுப்படாது. மேலே செம்மண், அதன் கீழே மஞ்சளும் வெள்ளையும் கலந்த வழுவழுப்பான களி, பாறை அதற்கும் கீழே. மார்ச் மாதத்தில் இந்தச் செம்மண்ணைச் செங்குத்தாக வெட்டினால் அப்படியே நிற்கும். பார்க்கிறவர்கள் "மண் நல்ல கெட்டி" என்பார்கள். அந்தக் கெட்டி, துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்ச ஈரம் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் வருவது. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டால் அந்தப் பிடிப்பு விட்டுப்போகும். அதே நேரத்தில் மண்ணின் எடையும் கூடும். இறங்கிய தண்ணீர் களியைத் தாண்டிப் போக முடியாமல் அதன் மேல் நிற்கும்; மேல்மண் முழுவதும் அந்த மட்டத்தில் வழுக்கி இறங்கும். வெட்டாத சரிவாக இருந்தால் கீழ்ப்பகுதி மேல்பகுதியைத் தாங்கும். கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் தாங்க ஒன்றும் இல்லை.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சரிந்ததும், 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கச் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இந்த மண்ணில்தான். 2009-ல் கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நாம் கட்டுவது நூறு வருடம் நிற்க வேண்டும் என்றால், அப்படி ஒரு நாளை அது ஒரு முறையாவது பார்க்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பின்பக்கச் சரிவை ஒரு முறை நடந்து பாருங்கள். அங்குள்ள சீகை மரங்களில் பலவற்றின் அடித்தண்டு சரிவின் பக்கம் சாய்ந்து, பிறகு வளைந்து மேலே நிமிர்ந்திருக்கிறது. மேல்மண் மெதுவாக நகர்கிறது, மரம் ஒவ்வொரு வருடமும் தன்னை நிமிர்த்திக்கொள்கிறது என்பதற்கு அது அடையாளம். அதற்கும் மேலே கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசை இருக்கிறது. வரைபடப்படி வெட்டும் விளிம்பிலிருந்து அந்த வரிசை எட்டு மீட்டர்தான். ஆறு மீட்டர் வெட்டு சரிந்தால், சரிவு பின்னோக்கி அதே அளவு அல்லது அதற்கு மேலும் போகும். நம் முன்னோர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தை அப்படி ஒரு ஆபத்தில் வைக்க யாருக்கும் மனம் வராது. வரைபடத்தில் கல்லறைத் தோட்டம் குறிக்கப்படவே இல்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

வெட்டிய மண் எங்கே போகும் என்பதும் வரைபடத்தில் இல்லை. சரிவின் சாய்வை வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,260 கன மீட்டர் வரும். தோண்டிய மண் கால் பங்கு உப்பும், ஆக 1,575. இரண்டு யூனிட் டிப்பரில் (ஒரு யூனிட் நூறு கன அடி) 280 நடை. ஆலயத்துக்கு வரும் பாதையில் அவ்வளவு நடை ஓட்டினால் பாதையின் ஓரம் உட்காரும். மண்ணைக் கொட்ட அனுமதியுள்ள இடமும் பக்கத்தில் இல்லை. இப்படிப்பட்ட வேலைகளில் கடைசியில் நடப்பது, ஒப்பந்தக்காரர் இரவோடு இரவாகக் கீழ்ச்சரிவில் தள்ளிவிடுவது. தளர்வாகக் கொட்டிய அந்த மண் முதல் மழையிலேயே சேறாகிக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்துக்கும் வீடுகளுக்கும் இறங்கும். நமக்குக் கீழே குடியிருப்பவர்கள் நம் அயலார்.

"தடுப்புச் சுவர் கட்டிவிட்டால் போதாதா?" என்று பொதுக்குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. சுவர் மண்ணைத் தடுப்பதைக் காட்டிலும் தண்ணீரைத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. சுவரின் பின்னால் தண்ணீர் நிறைந்தால், மூன்று மீட்டர் உயரச் சுவரில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நாலரை டன் தள்ளும். மண்ணின் தள்ளு அதற்கு மேல் தனி. உயரம் இரண்டு மடங்கானால் இந்தத் தள்ளு நான்கு மடங்காகும்: ஆறு மீட்டர் உயரச் சுவரில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் பதினெட்டு டன். உயரமான ஒற்றைச் சுவரை நாங்கள் வேண்டாம் என்பது இதனால்தான். தவிர்க்க முடியாத இடத்தில் மூன்று மீட்டருக்கு மிகாமல், படிப்படியாக, நடுவில் அகலமான தட்டு விட்டுக் கட்டலாம்.

இப்போதே பாதையோரம் இருக்கும் பழைய தடுப்புச் சுவரைப் பாருங்கள். அதை யாரும் திட்டத்தில் சேர்க்கவில்லை. முதலில் சேர்க்க வேண்டியது அதுதான். முப்பது மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம். தண்ணீர் வெளியேற வைத்த வீப் ஹோல் குழாய்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றின் வாயில் பெரணி முளைத்திருக்கிறது, சிலவற்றில் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. மழை முடிந்து ஒரு வாரம் ஆன பிறகும் சுவரின் நடுவில் இரண்டு கல் சந்துகளில் மட்டும் ஈரம் கசிந்து, வெள்ளையாகச் சுண்ணாம்பு வழிந்து காய்ந்திருக்கிறது. குழாய் வழியே வர வேண்டிய தண்ணீர் சந்து வழியே வருகிறது என்று பொருள். மேல் விளிம்பிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் நடுவில் சுவர் நூலை முட்டும், அடியில் நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி தெரியும். வயிறு தள்ளிய சுவர் அது. இன்னும் எத்தனை மழையைத் தாங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

குழாய்கள் அடைபடக் காரணம், பின்னால் வடிகட்டி இல்லாதது. கட்டும்போது தோண்டிய மண்ணையே சுவருக்குப் பின்னால் திரும்பத் தள்ளியிருக்கிறார்கள். மண் குழாய்க்குள் வந்து இறுகிவிட்டது. சரியான முறை இப்படி: 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாய், நீளவாட்டிலும் உயரவாட்டிலும் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். நம் சுவருக்கு ஏறத்தாழ நாற்பது குழாய். சுவரின் முதுகை ஒட்டி ஓரடி கனத்துக்கு ஜல்லி, அடி முதல் முடி வரை. இதற்குப் பத்து யூனிட் ஜல்லி பிடிக்கும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி, மண் ஜல்லிக்குள் புகாமல் இருக்க. அடியில் துளையிட்ட 150 மில்லிமீட்டர் குழாய் படுத்து ஓடிச் சுவரின் கோடியில் கால்வாயில் விழ வேண்டும். கருங்கல் சுவரின் அடி அகலம், உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. இந்த மண்ணுக்கு பத்தில் ஆறு பங்கு, அதாவது மூன்று மீட்டர் சுவருக்கு 1.8 மீட்டர் வைப்பது நல்லது. சுவரின் தலையில், மேட்டிலிருந்து வரும் மழைத் தண்ணீரைச் சுவரின் பின்னால் இறங்க விடாமல் திருப்பிவிடச் சிமெண்ட் பூசிய கால்வாய் ஒன்று. இத்தனையில் எதை விட்டாலும் மற்றது வீண். பணம் குறைந்தால் ஒப்பந்தக்காரர் முதலில் விடுவது ஜல்லியையும் துணியையும்தான், ஏனென்றால் மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. ஆகவே மண் மூடுவதற்கு முன், ஒவ்வொரு அரை மீட்டர் உயரத்துக்கும் புகைப்படம் எடுத்துக் கோப்பில் வைத்த பிறகே பில் கொடுக்க வேண்டும்.

அடுத்தது மழைநீர். தமிழ்நாடு முழுவதும் கட்டாயமான மழைநீர் சேகரிப்பைப் பார்த்து, சமவெளியில் போடுவதுபோல் நம் வரைபடத்திலும் மண்டபத்தின் நான்கு மூலையில் உறிஞ்சுகுழி போட்டிருக்கிறார்கள். சமவெளியில் நல்லது, இங்கே, வெட்டிய சரிவின் விளிம்பில், நாமே தண்ணீரை மண்ணுக்குள் செலுத்திச் சரிவை ஊற வைப்பதாகிவிடும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள், மிஞ்சுவதை மூடிய குழாயில் ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். கூரையை 240 சதுர மீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், மணிக்கு 100 மில்லிமீட்டர் பெய்தால் மணிக்கு 24,000 லிட்டர். நாற்பது சதுர மீட்டருக்கு ஒரு நாலு அங்குலக் குழாய் வீதம் ஆறு குழாய் வேண்டும். வரைபடத்தில் இரண்டுதான் இருக்கிறது. சில்வர் ஓக் இலையும் கற்பூர மர இலையும் இரண்டே நாளில் குழாய் வாயை மூடும். ஒவ்வொரு வாயிலும் கூண்டு வைத்து, செப்டம்பர் கடைசியில் ஒரு முறையும் மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையும் வாரிப்போட ஆள் வேண்டும். 20,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் இருபது டன். அதை மேட்டு விளிம்பில் வைக்காமல், கொட்டகைக்குப் பக்கத்தில் சமதளத்தில் வையுங்கள். சரிவில் இறங்கும் கால்வாயைச் சறுக்கலாகக் கட்டாமல் படிப்படியாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேகம் கூடி, கால்வாய் முடியும் இடத்தில் குழி பறிக்கும். அங்கிருந்து பின்னோக்கி அரித்துக் கால்வாயையே கவிழ்க்கும்.

செப்டிக் டேங்கும் இதே கதை. சரிவின் பக்கம் உறிஞ்சுகுழி வேண்டாம். இரண்டு அறைத் தொட்டி, முதல் அறை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதிலிருந்து வடியும் நீரை வடிகட்டித் தொட்டி வழியாகச் சமமான தோட்டப் பகுதிக்கு விடுங்கள். கழிவு எடுக்கும் லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் தொட்டி இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். எட்டாத இடத்தில் கட்டிய தொட்டியைப் பிறகு யாரும் சுத்தம் செய்வதில்லை.

இனி கட்டடம். நம் ஞாயிறு ஆராதனைக்கு 160 பேர் வருகிறோம். கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும்தான் நானூறைத் தொடுகிறது. வருடத்தில் இரண்டு நாளுக்காக 288 சதுர மீட்டர் மண்டபம் கட்டி, மீதி நாட்களில் அதைத் துடைத்து, வெள்ளையடித்து, ஒழுகலை அடைத்துக்கொண்டிருக்க வேண்டியது வரும் தலைமுறை. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். இங்கே தங்கியிருப்பவர்களில் முதியவர்கள் அதிகம். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருக்கும் சமதளத்தில் 18-க்கு 10 மீட்டர் கூடம் எடுத்தால், மேடைக்கு 30 சதுர மீட்டர் போக, ஒரு நாற்காலிக்கு முக்கால் சதுர மீட்டர் வீதம் 200 பேர் உட்காரலாம். பண்டிகை நாளில் முன்முற்றத்தில் பந்தல். ஞாயிறு பள்ளிக்கு இரண்டு அறையைத் தனியாக, கூடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கட்டலாம். அதுவும் நிதி வந்த பிறகு. வெட்டு அரை மீட்டருக்கு மேல் எங்கும் வராது.

ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை அடித்து உடைத்து இறக்க வேண்டாம். நனைத்து, ஆணியைக் கழற்றி, முழு ஓடாக இறக்கி, தடித்த பாலிதீனில் சுற்றி அனுப்ப வேண்டும். இறக்குகிறவருக்கு நல்ல முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

கூரைக்கு இரும்பு டிரஸ், முப்பது டிகிரி சரிவு. வெறும் தகடு போட்டால் மழையில் பிரசங்கம் கேட்காது. இன்னொரு தொல்லையும் உண்டு: ஜனவரி காலையில் தகடு பனியில் குளிர்ந்திருக்கும், உள்ளே இருநூறு பேர் மூச்சுவிட, சமையல் ஆவியும் சேர, தகட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்துப் பாட்டுப் புத்தகத்தின் மேல் சொட்டும். பலரும் இதை ஒழுகல் என்று நினைத்து மேலே தாரைப் பூசுவார்கள், பயனிருக்காது. இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த ஐம்பது மில்லிமீட்டர் பஃப் பேனல் போடுங்கள், அல்லது தகட்டுக்கு அடியில் ராக்வூல் பஞ்சு வைத்து ஸீலிங் அடியுங்கள். முகட்டில் காற்றோட்டத் திறப்பு இருக்கட்டும். சத்தமும் அடங்கும், சொட்டும் நிற்கும். இறவாரம் முக்கால் மீட்டராவது வெளியே நீண்டிருக்கட்டும். சாரல் சுவரை நனைக்காது.

நீலகிரி மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வருகிறது. 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் வந்த அதிர்ச்சி தென்னிந்தியாவில் பெரியவற்றுள் ஒன்று. ஆகவே அடிமட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலின் தலைமட்டம்), கூரை மட்டம் மூன்றிலும் சுற்றிச் சுற்றி பெல்ட் கான்கிரீட் ஓட வேண்டும். மூலையில் கம்பி முறியாமல் வளைந்து போக வேண்டும்.

கான்கிரீட்டில் இங்கே நடக்கும் தவறு இரண்டு. முதலாவது தண்ணீர். ஐம்பது கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று கணக்கு. மூடுபனியில் கிடந்த எம்-சாண்டில் (பாறையை நொறுக்கிச் செய்த மணலில்) ஏற்கெனவே ஈரம் இருக்கும். ஒரு மூட்டைக்கான மணலில் நாலு லிட்டர் வரை. அதைக் கழிக்காமல் 25 ஊற்றி, கலவை ஓடவில்லை என்று சித்தாள் இன்னும் ஒரு குடம் சேர்த்தால் வலிமையில் பெரும் பங்கு போய்விடும். அளவுக் குடுவை இல்லாமல் கலவை போட அனுமதிக்காதீர்கள். இரண்டாவது, கான்கிரீட் இறுகும் வரை அடியில் தாங்க வைக்கும் முட்டு. தளத்துக்கு ஏழு நாள், பெரிய உத்தரத்துக்குப் பதினான்கு அல்லது இருபத்தொரு நாள் என்று எல்லாரும் வாய்ப்பாடாகச் சொல்வது வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு, சாதாரண சிமெண்டுக்கு. குன்னூரில் பல மாதங்கள் இரவு அதற்குக் கீழேதான் இருக்கும். கடையில் கிடைப்பதும், சாம்பல் கலந்து செய்த, மெதுவாக இறுகும் பிபிசி சிமெண்ட். ஆகவே முட்டுகளை அவிழ்க்கத் தேதியை மட்டும் பார்க்கக் கூடாது. அதே கலவையில் வார்த்த கான்கிரீட் கட்டையின் சோதனை முடிவைப் பார்க்க வேண்டும். 150 மில்லிமீட்டர் கட்டை, ஒரு மாதிரிக்கு மூன்று. ஐந்து கன மீட்டர் வரை ஒரு மாதிரி, பதினைந்து வரை இரண்டு, முப்பது வரை மூன்று. தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துவது பத்து நாளாவது வேண்டும். "இங்கேதான் ஈரமாக இருக்கிறதே" என்று விடுவார்கள், ஆனால் பிப்ரவரி, மார்ச் காற்று காய்ந்த காற்று. டிசம்பர், ஜனவரியில் கான்கிரீட் போட வேண்டி வந்தால் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டுக்குள் முடித்து, இரவில் சாக்கும் பாலிதீனும் போர்த்துங்கள். உறைபனி விழுந்த புதுக் கான்கிரீட் மேல்தோல் உரியும். சிமெண்ட் மூட்டை மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் சோதிக்காமல் எடுக்கக் கூடாது. மூட்டைகளைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில், சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும்.

பிற்காலத்தில் மாடி எழுப்பலாம் என்று தூண் கம்பியை மொட்டையாக வெளியே விட்டு வைக்கும் யோசனையும் வரைபடத்தில் இருக்கிறது. இந்த மூடுபனியில் அந்தக் கம்பி சில வருடங்களிலேயே செதில் செதிலாக உதிரும். துரு கம்பியோடு இறங்கிக் கீழ்த்தூணைப் பிளக்கும். தவிர, மலைப்பகுதி விதிகளில் கட்டட உயரத்துக்கு ஏழு மீட்டர் வரம்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு விட்டுவைக்க வேண்டியது வெட்டாத நிலம். அவர்களுக்கு என்ன தேவை என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

முதியவர்களுக்காகச் சொல்ல வேண்டியது: வாசலுக்கும் முற்றத்துக்கும் 90 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருக்கிறது. பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் சாய்தளம் கட்டினால் 10.8 மீட்டர் நீளம், நடுவில் ஒன்றரை மீட்டர் சமதளம், அகலம் 1.2 மீட்டர், இருபுறமும் கைப்பிடி. வழுவழு டைல்ஸ் வேண்டாம். பாசி பிடித்தால் உயிருக்கே ஆபத்து. சொரசொரப்பான கல் போதும். கழிப்பறை கூடத்தோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பெண்களுக்கு ஆண்களைப் போல இரண்டு மடங்கு.

அனுமதிகளை வரிசையாகச் சொல்கிறோம், ஏனென்றால் வரிசை மாறினால் ஒரு வருடம் போய்விடும். நிலம், தென்னிந்தியத் திருச்சபையின் சொத்து அறக்கட்டளையான சி.எஸ்.ஐ.டி.ஏ. பெயரில் இருக்கிறது, அதிகாரம் பெற்றவர் கையெழுத்தில்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. ஆகவே திருமண்டல அலுவலகத்தின் ஒப்புதல் முதலில். அதன் பிறகு மண் பரிசோதனை: மூன்று இடத்தில் துளை, பத்து மீட்டர் அல்லது கடினப் பாறை வரை, ஊறிய நிலையில் மண்ணின் வலிமை என்ன என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். காய்ந்த நிலை அறிக்கை இங்கே உதவாது. 1990-ல் அமைந்த ஹாகா என்னும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் நிலமாதலால் வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் தடையின்மைச் சான்று தேவை. மரம் வெட்டுவதற்கு 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி. பொக்லைன் ஓட்டுவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கூடத்தை வழிபாட்டிடம் என்று விண்ணப்பித்தால் ஆட்சியரின் முன் அனுமதி தனியாக வேண்டும். என்ன பயனுக்குக் கட்டுகிறோமோ அதையே எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் காணிக்கையிலும் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தருவது ஆகும், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்ட) கணக்கு வழியாக மட்டுமே அதை வாங்க வேண்டும்.

காலம் முக்கியம். நம் பக்கத்தில் அதிக மழை தருவது வடகிழக்குப் பருவமழை. மண் வேலையும் சுவர் வேலையும் ஜனவரி இறுதியில் தொடங்கி மே மாதத்துக்குள் முடிய வேண்டும். ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதை நெரிசலால் லாரி நேரத்துக்கு வராது. மேட்டுப்பாளையத்திலிருந்து வர வேண்டிய ஜல்லி, மணல், கம்பியை மார்ச்சுக்குள் ஏற்றிவிடுங்கள். அக்டோபர் முதல் தேதி எந்த வெட்டும் திறந்த நிலையில் இருக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்குள் அடிக்கல் நாட்ட வேண்டும் என்ற அவசரத்தில் நவம்பரில் மண்ணைத் தொடுவதைத்தான் நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம்.

செல்லும் செலவை முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொல்லித்தான் ஆண்டவரும் போதித்தார். மதிப்பீட்டில் பதினைந்து விழுக்காடு எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். ஒப்பந்தக்காரருக்குத் தரும் ஒவ்வொரு பில்லிலும் ஐந்து விழுக்காட்டைப் பிடித்து, ஒரு முழு வடகிழக்கு மழை கடந்த பிறகு கொடுங்கள். எந்த ஒழுகலும் அந்த மழையில் தெரிந்துவிடும். கட்டட மதிப்பில் ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடு பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போட வேண்டும். அந்தத் தொகையைப் போட முடியாத அளவு பெரிய கட்டடம் நமக்குப் பெரிய கட்டடம்தான்.

மண்டபத்துக்கும் மேடைக்கும் பெயர்க் கல் வைக்கக் குடும்பங்கள் முன்வருகின்றன. கால்வாய்க்கும் தடுப்புச் சுவருக்கும் யாரும் கேட்கவில்லை. அந்த வேலைக்கு முதல் காணிக்கையை எங்கள் குடும்பங்கள் தருகிறோம், பெயர் வேண்டாம்.

ஆலயத்தைப் பற்றியும் ஒரு சொல். அது கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியது. வடபுறச் சுவர் ஈரமாக இருப்பதால் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டலாம் என்று திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விட்டு உலரும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூத்து கல்லின் முகமே உதிரும். ஈரம் வரக் காரணம் வெளியே இருக்கிறது: முற்றத்துக்கு இன்டர்லாக் கல் பதித்தபோது தரைமட்டம் சுவரின் அடிமட்டத்துக்கு மேலே போய்விட்டது. சுவரை ஒட்டி ஒரு முழ அகலம் கல்லைப் பெயர்த்து, பழைய மட்டம் வரை தோண்டி, ஜல்லி நிரப்பிக் கால்வாயோடு இணைத்தால் ஒரு கோடையில் காய்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில், ஊற வைத்த சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று கலந்து பூசினால் போதும். ஊட்டியில் 1829-ல் அடிக்கல் நாட்டிய புனித ஸ்தேவான் ஆலயம் இன்றும் நிற்பது, மேட்டின் மேல், தண்ணீர் தேங்காத இடத்தில் அமைந்ததாலும்தான்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன் குழு செய்ய வேண்டியதாக நாங்கள் கேட்பது: அடிக்கல் விழாவை ஒத்திவையுங்கள், மண் பரிசோதனைக்கு ஆணை கொடுங்கள், பாதையோரத் தடுப்புச் சுவரை முதல் வேலையாகத் தீர்மானத்தில் எழுதுங்கள், பழைய திட்டம், நாங்கள் சொல்லும் சிறிய கூடம் ஆகிய இரண்டின் வரைபடங்களையும் மதிப்பீட்டோடு சபையின் முன் வையுங்கள். வேலை முடிந்ததும் எந்தக் குழாய் எங்கே, எந்த ஆழத்தில் போகிறது என்று காட்டும் வரைபடம் ஒன்றைப் புகைப்படங்களோடு ஆலய அலுவலகத்தில் பதிவேடாக வைக்க வேண்டும். பத்து வருடம் கழித்து வரும் குழுவுக்கு அதுதான் கைவிளக்கு.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நூலும் ரசமட்டமும் சுண்ணாம்புத் தூளும் எடுத்துக்கொண்டு நாங்கள் ஆலய வளாகத்துக்கு வருகிறோம். கூடம் எங்கே வரும், கால்வாய் எந்த வழியே இறங்கும், பழைய திட்டத்தில் வெட்டு கல்லறைத் தோட்டத்துக்கு எவ்வளவு அருகில் வரும் என்று தரையிலேயே கோடு போட்டுக் காட்டுகிறோம். ஆயர் ஐயாவும் குழுவினரும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும், வாலிபர்களும் வந்து பார்க்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

கிறிஸ்துவின் பணியில்,
சபையின் கட்டடத் தொழிலாளர்கள், பொறியாளர்கள்
குன்னூர்